மணிபல்லவமும் பேடியாடலும்

கலையைப் போற்றுதல் வேறு. கலைஞர்பால் இரங்குதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவோர் கலைக்கும் நீதி செய்யார். கலைஞர்க்கும் நீதி செய்யார். ஆண், பெண் என்னும் வழக்கமான பகுப்பினுள் அடங்காத திருநங்கையரும் பிற பால்புதுமையரும் இன்று நகரங்களிற் படைத்துவரும் ஆடல், ஓவியம், புனைகதை ஆகியவற்றை மதிப்பிடப் புகுவார்க்கு இவ்வேறுபாடு முதற்கண் தெளிவாதல் வேண்டும்.

இத்தகைய கலை தமிழர்க்குப் புதியதெனக் கூறுவாரும் உளர். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை, மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடியாடலையும் வைத்து எண்ணுகின்றது. வாணனது நகரிற் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கும்பொருட்டுக் காமன் பேடிக்கோலங் கொண்டு ஆடியது அது. மணிமேகலையும் சுதமதியும் உவவனம் நோக்கிச் செல்லும் வழியிற் புகார் நகர வீதியிலே அக்கூத்தைச் சூழ்ந்து நின்று காணும் மக்களைச் சாத்தனார் காட்டுகின்றார். அவ்வாடல் மறைவில் நிகழ்ந்ததன்று. மாநகரின் நடுவே பலரறிய நிகழ்ந்தது. ஆயினும், அதே சொல் திருக்குறளிலே அவைக்கு அஞ்சுவோரைக் குறிக்கும் இகழ்ச்சியுவமையாகவும் வருகின்றது. கூத்தைக் கண்டு மகிழ்ந்த சமுதாயமே அக்கூத்துக்குப் பெயர் தந்தோரை எள்ளியமை ஈண்டு நோக்கற்பாலது.

இம்முரண்பாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் வழங்கிய நாட்டுக்கூத்து, இசைநாடகம் என்பவற்றில் நெடுங்காலம் ஆண்களே பெண்பாத்திரம் ஏற்றனர். மயானகாண்டத்துச் சந்திரமதி மகனை இழந்து புலம்பும்போது, அவ்வேடந் தாங்கியவர் ஓர் ஆண்மகன் என்பதை மறந்து சபையோர் கண்ணீர் உகுத்தனர். விடியற்காலையில் அரிதாரங் கலைந்த பின்னரும் அந்நடையும் குரலும் ஒருவரிடம் எஞ்சி நிற்குமாயின், அவரை ஊர் எவ்வாறு நடத்தியது? மேடையில் ஓரிரவுக்கு அளித்த இசைவைப் பகலில் வீதியில் அளிக்க ஊரார் ஒருப்படவில்லை. வேடம் கலையாயிற்று, இயல்பு குற்றமாயிற்று.

அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுவரை இடித்தவருள் தலையாயவர் நர்த்தகி நடராஜ். மதுரையிற் பிறந்த இவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் குருகுல முறையிற் பல்லாண்டு பயின்றவர். 2011ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதமி விருதும், 2019இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். திருநங்கையருள் பத்மஸ்ரீ பெற்ற முதல்வர் இவரே. இவர்தம் ஆடலிற் சிறந்து விளங்குவது நாயகி பாவம். அடியவர் தம்மைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் கொண்டு உருகுதல் அப்பர்க்கும் நம்மாழ்வார்க்கும் உரிய நெறி. ஆணாய்ப் பிறந்து பெண்மொழியிற் பேசிய அப்பாடல்களைச் சமயவுலகம் தலைமேற் கொள்கின்றது. அம்மொழியையே தம் வாழ்வாகக் கொண்டவரை மட்டும் ஒதுக்குதல் பொருந்துமா? எனினும், அவர்தம் வாழ்க்கைத் துயரமே அவ்வாடலைச் சிறப்பித்தது என்பார் கூற்றும் குறையுடையதே. துயருற்றோர் பலர்; அடவுத் தூய்மையும் அபிநயச் செறிவும் எய்தினோர் சிலர். அச்செறிவு ஆசானடியிற் பயின்ற பயிற்சியின் விளைவு. அதனைக் காணாது வரலாற்றை மட்டுங் கண்டு கைதட்டுவோர், எள்ளி நகைப்போரைப் போன்றே, ஆடலைக் காணாதவராவர்.

ஓவியத் துறையில் 2016இல் பெங்களூரில் தோன்றிய அரவாணி கலைத்திட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. திருநங்கையர் எந்த வீதிகளில் இழித்துரைக்கப்பட்டனரோ அவ்வீதிச் சுவர்களிலேயே அவர்கள் பிறரோடு கூடி நின்று பேரோவியம் தீட்டினர். 2024இல் வெனிஸ் நகரத்து ஈராண்டுக் கலைவிழாவிலும் இக்குழுவினரின் சுவரோவியம் இடம்பெற்றது.

புனைகதையில் ஈழத்தவர்க்கு அணுக்கமானது, ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த ‘ஃபன்னி பாய்’. மணமகளாய்ச் சேலையுடுத்து விளையாடும் சிறுவன் ஆர்ஜி, பெரியோரால் அவ்விளையாட்டினின்று விலக்கப்படுகின்றான். கதை 1983 ஆடிக் கலவரத்தில் அவன் குடும்பம் வீடிழப்பதில் முடிகின்றது. தமிழன் என்பதாலும் தன் இயல்பாலும் ஒருவனே இருமுறை புறந்தள்ளப்படுதலை இணைத்துக் காட்டியதே இந்நூலின் பெருமை. 2020இல் வந்த அதன் திரைவடிவமோ தமிழ்ப் பேச்சின் ஒலியைச் சிதைத்தமையால் தமிழர் பலரின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அக்கண்டனம் நேரியதே. ஓர் அடையாளத்தின் உண்மைக்காக வாதிடுங் கலை, மற்றோர் அடையாளத்தின் உண்மையைப் பொருட்படுத்தாது விடலாகாது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்னும் பிரிவுகள் 1883ஆம் ஆண்டின் ஆங்கிலேயராட்சி விட்டுச்சென்ற எச்சங்கள். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாதென 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டம் திருந்துதல் நன்று. ஆயினும் கண்கள் திருந்தாவிடத்துச் சட்டத்தாற் பெரும்பயன் விளையாது. அக்கண்களைத் திருத்தும் ஆற்றல் கலைக்கு உண்டு.

சாத்தனார் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என அறிஞர் பலர் கருதுவர். புகார் நகரில் அவ்வாடலைக் கடந்து சென்ற மணிமேகலை, மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டே தான் யார் என்பதை உணர்ந்தாள். தன்னை அறிதற்குரிய இடமாகத் தீவினைக் கண்டது அக்காப்பியம். இன்றோ, தன்னியல்பை உணர்ந்த தீவக இளைஞர் ஒருவர் அதனோடு வாழ விழைந்தால், குறிகட்டுவானுக்குப் படகேறி நகரத்தை நாடவேண்டியவராகின்றார். நகரம் அவர்தம் கலையைக் கொண்டாடுதல் மகிழ்ச்சிக்குரியதே. சந்திரமதிக்காக விடியுமட்டும் விழித்திருந்து அழுத ஊர், அவர் திரும்பி வருங்கால் பகலொளியிலும் முகங்கொடுத்து வரவேற்குமாயின், அதுவே அக்கலைக்கு அளிக்கும் உண்மையான பாராட்டாகும்.