சொல்லொப்புமையும் மொழியுறவும்: கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் குறித்து ஒரு மறுநோக்கு

பல ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மீனவர் இல்லமொன்றில் நடந்த ஜெபக்கூட்டத்தில் ரோமர் 8:15ஐ விளக்கினேன். அங்குள்ள "அப்பா" என்னும் அரமேயச் சொல் தமிழே என்றும், ஆதலால் ஆண்டவர் பேசிய மொழியும் நம் மொழியும் ஒரே குடும்பத்தவை என்றும் துணிந்து கூறினேன். கேட்டோர் மகிழ்ந்தனர், கூற்றோ பிழையானது. இத்தகைய கூற்றுகள் நம் பிரசங்க பீடங்களில் இன்றும் ஒலிப்பதால் இதனை எழுதுகிறேன்.

பின்னாளில் பேராயரான இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நமக்கு இருவகைப் பாடங்களைத் தருகிறது. தமிழின் பால், புலி, பல் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என வருகின்றன. ஒரு சொல்லில் அன்று, பல சொற்களில் ஒரே நெறியில் பகரம் ஹகரமாகிறது. பழங்கன்னடத்திலோ பகரமே இருந்தது. இத்தகைய ஒழுங்கையும், வேற்றுமையுருபுகளையும், மூவிடப்பெயர்களையும் ஆராயும் பகுதிகளே அந்நூலுக்கு நிலைபேறு தந்தன. ஆனால், திராவிட மொழிகளைச் "சித்திய" மொழிகளோடு இணைக்க அவர் செய்த முயற்சி நிலைக்கவில்லை.

1 இராஜாக்கள் 10:22இல் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் எபிரெயச் சொல் தமிழின் "தோகை"யிலிருந்து வந்தது என்பதையும் அவர் ஆதரித்தார். அதனை ஏற்பினும், அது வாணிகம் கொண்டுசென்ற கடன்சொல்லே. கடன் கொடுத்தவரெல்லாம் உறவினர் ஆகார்.

ஜார்ஜியாவில் பிறந்த நிக்கோலாய் மார் (1865-1934), நோவாவின் குமாரனாகிய யாப்பேத்தின் பெயரால் ஒரு கொள்கை வகுத்தார். ஜார்ஜிய மொழிக்குடும்பத்தைச் செமித்திய மொழிகளோடும், பாஸ்க் மொழியோடும், இறுதியில் உலக மொழிகள் அனைத்தோடும் அவர் இணைத்தார். சோவியத் நாட்டில் கோலோச்சிய அக்கொள்கை, 1950இல் ஸ்டாலின் அதனைக் கண்டித்தபோது சரிந்தது. வேதப்பெயர் சூடியதால் ஒரு கொள்கை மெய்யாகிவிடாது.

அதே ஜார்ஜிய மொழியில் "மாமா" என்றால் தந்தை; "தேதா" என்றால் தாய். ஒலி மட்டுமே உறவுக்குச் சான்றெனில், நாம் எவ்விடம் போய் நிற்போம்? மழலை வாய்க்கு எளிதான ஒலிகளை எந்நாட்டுப் பெற்றோரும் தமக்குப் பெயராகக் கொள்வர். நம் "அப்பா"வும் அவ்வகையினதே.

இதனால் வசனத்திற்கு இழப்புண்டோ? இல்லை. அப்போஸ்தலர் அங்கே பேசுவது பிறப்புரிமையை அன்று, புத்திர சுவிகாரத்தை. உறவற்ற நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்ட கிருபையினாலேயே அவ்வாறு அழைக்கிறோம். என் பிரசங்கமோ அந்தக் கொடையை மறைத்து, அதனைக் குலப்பெருமையாக்கிற்று. மொழியியலில் நேர்ந்த பிழையைவிட இதுவே பெரிய பிழை. பீடம் ஏறுமுன் இளம் போதகர் இதனைச் சிந்திப்பாராக.