வெரோனாவின் செங்கோல்: ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் அரசனின் தீர்ப்பு

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் வெரோனாவின் அரசன் எஸ்கலஸ் மூன்று காட்சிகளில் மட்டுமே மேடையேறுகிறான். உரையாடலில் அவன் பெயர் ஓரிடத்திலும் ஒலிப்பதில்லை, மேடைக்குறிப்பிலேயே காணப்படுகிறது. அப்பெயர் வெரோனாவை ஆண்ட தெல்லா ஸ்காலா குடியின் பெயரை நினைவூட்டுவது. தொடக்கம், நடு, முடிவு என அவன் வருகை அமைவதால் அவனை நாடகக் கட்டமைப்பின் எல்லைக்கல்லாக மட்டும் கொள்ளும் வாசிப்பு எளிதில் எழுகிறது. அவ்வாசிப்பு அவன் வழங்கும் தீர்ப்பின் விளைவைக் கணக்கில் கொள்வதில்லை.

முதல் அங்கத்தில் கலகத்தின் நடுவே வரும் அரசன், இனி அமைதியைக் குலைப்போர் உயிரிழப்பர் என ஆணையிடுகிறான். பின்னர் கேப்புலெட்டை உடன் அழைத்துச் செல்கிறான். மாண்டேகுவைப் பிற்பகலில் வரச் சொல்கிறான். இரு குடித்தலைவரையும் ஒருங்கே அமர்த்திப் பகையின் வேரை அவன் விசாரிப்பதில்லை. அடுத்த காட்சியிலேயே கேப்புலெட், தம் போன்ற முதியோர்க்கு அமைதி காத்தல் அரிதன்று என்கிறான். ஆணை முதியோரைக் கட்டியது. வாளேந்திய இளைஞரைக் கட்டவில்லை.

மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியே இவ்வாய்வுக்கு மையமானது. டைபால்ட் மெர்குஷியோவைக் கொல்கிறான். ரோமியோ டைபால்ட்டைக் கொல்கிறான். முந்தைய ஆணைப்படி ரோமியோவுக்கு உரியது மரணம். பென்வோலியோவின் சாட்சியம் உறவுச்சார்புடையது எனக் கேப்புலெட்டின் மனைவி மறுக்கிறாள். ஆனால் நீதி வழங்குபவனே மெர்குஷியோவின் உறவினன். தன் குருதியும் சிந்தப்பட்டது என்று அரசனே வெளிப்படையாகச் சொல்லியும், அவன் நடுநிலையை எவரும் வினவுவதில்லை. கொலைஞர்க்குக் காட்டும் இரக்கமும் கொலையே என்னும் பொருள்படப் பேசும் அவன், அதே உரையில் மரணத்தை நாடுகடத்தலாகக் குறைக்கிறான். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இப்பிளவை அவன் குணக்குறையாக மட்டும் கொள்வது போதாது. தண்டம் பெறும் தரப்பாகவும் தண்டம் விதிக்கும் தரப்பாகவும் அவன் ஒருசேர நிற்பதன் விளைவு அது.

நாடகத்தின் முதன்மை மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதைக் கதையோடு ஒப்பிடும்போது இது தெளிவாகிறது. அங்கே மெர்குஷியோ விருந்தில் தோன்றும் ஒருவன் மட்டுமே; கொல்லப்படுவதில்லை. பாரிஸும் கல்லறையில் இறப்பதில்லை. இவ்விரு மரணங்களும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை. இருவரையும் அரசனின் உறவினராக்கியதன் மூலம் பகையை அரண்மனைக்குள்ளும் கொண்டு சேர்க்கிறார்.

தண்டனைக் குறைப்பைத் துறவி லாரன்ஸ் கருணை என்கிறார். ரோமியோவோ அதனை மரணத்தினும் கொடிதெனப் புலம்புகிறான். கதையின் போக்கு ரோமியோவின் பக்கமே சாய்கிறது. மாண்டுவாவுக்கும் வெரோனாவுக்கும் இடையிலான தொலைவே கடிதத்தை இன்றியமையாததாக்குகிறது. கொள்ளைநோய் அச்சத்தால் தடைப்பட்ட அக்கடிதம் அவனைச் சேர்வதில்லை. முன்னுரைப் பாடல் விண்மீன்களின் மேல் ஏற்றும் பழியில் ஒரு பங்கு இத்தீர்ப்புக்கும் உரியது. கருணை காட்டியது பிழையன்று. பகையைத் தீர்க்காமல் பகைவருள் ஒருவனை மட்டும் அகற்றியதே பிழை.

இறுதிக் காட்சியில் துறவியின் நீண்ட வாக்குமூலத்தைக் கேட்டபின் அரசன், பூசலைக் கண்டும் காணாதிருந்ததால் தானும் உறவினர் இருவரை இழந்ததாக ஒப்புகிறான். புரூக்கின் கதையில் செவிலி நாடுகடத்தப்படுகிறாள். நஞ்சு விற்றவன் தூக்கிலிடப்படுகிறான். ஷேக்ஸ்பியரோ தண்டனைகளைப் பெயர் சுட்டாமல் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். ஆட்சியின் தவற்றை அரசனே ஏற்றபின், நஞ்சு விற்ற ஏழையைத் தூக்கிலிடும் காட்சி அரங்கில் எவ்வாறு நீதியாகத் தோன்றும்? பகை முடிவதும் அவன் ஆணையால் அன்று. முதலில் கை நீட்டுபவன் கேப்புலெட். அரசன் அருகில் நின்று பார்க்கிறான்.