ஆய்வக உதவியாளரின் கைத்திறன்

பள்ளி ஆய்வக உதவியாளரின் வேலை, அறிவியல் ஆசிரியர் ஆய்வகத்துக்குள் வருமுன்பே தொடங்கிவிடும். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது அந்தக் கைத்திறன் தெரியும். பியூரெட்டின் திருகு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வெளிச்சத்தில் சிதையும். அதைப் பழுப்புப் புட்டியில் வைக்க வேண்டும். கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும்.

அரசுப் பள்ளிகளில் இப்பணிக்கு 2015-இல் 4,362 இடங்களுக்குத் தேர்வு நடந்தது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தேர்வு ஆளைத் தேர்ந்தெடுக்கும். தொழில் படிவது ஆசிரியரிடமும் மூத்த உதவியாளரிடமும் பார்த்துப் பழகித்தான். பின்னர் வந்த ஹைடெக் லேப் என்னும் கணினி அறைகளுக்கும் இதே ஒழுங்கு தேவை: மாணவர் உட்காருமுன் ஒவ்வொரு கணினியையும் இயக்கிப் பார்ப்பது.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலின் கடைசித் துளியில் இளஞ்சிவப்பு நிறம் சரியான அளவில் தோன்றினால், மதிப்பெண் மாணவருக்கு. அதில் பாதி உழைப்பு உதவியாளருடையது.