பல்போடு நிற்காத பில்

இவான் மில்ஸ் 2012இல் 'எனர்ஜி பாலிசி' இதழில் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். அறைக்குள் கஞ்சா வளர்ப்பது அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் 1 சதவீதத்தைக் குடிக்கிறது, அதற்கு ஆண்டுக்கு 600 கோடி டாலர் செலவு என்கிறார். எல்லாரும் எடுத்துக்காட்டுவது இந்த 1 சதவீதத்தைத்தான். எனக்கு அதில்தான் தயக்கம். ஒரு மாதிரி அறையின் கணக்கை நாட்டின் மொத்த விளைச்சலால் பெருக்கி வந்த எண் அது. திருட்டுப் பயிரை யார் முழுசா எடை போட்டது?

ஆனா கட்டுரையோட உயிர் வேற இடத்தில் இருக்கு. கார்பன் உமிழ்வில் விளக்கின் பங்கு மூன்றில் ஒன்றுதான். காற்றோட்டம், ஈரம் நீக்குதல், ஏசி மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

வீட்டில் வளர்ப்பவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் பல்போடு நின்றுவிடுகிறது. 600 வாட் விளக்கு, பூக்கும் பருவத்தில் தினம் 12 மணி நேரம் எரிந்தால் 7.2 யூனிட், 60 நாளில் 432. மில்ஸ் காட்டும் அறையில் இது பாதி பில்கூட இல்லை. எல்இடி சூட்டைக் குறைக்கும். செடி விடும் ஈரத்தைக் குறைக்காது.

வெயிலில் சும்மா வளரும் செடி இது. அதை ஒளித்து வளர்க்கிறதுக்குத்தான் இவ்வளவு கரண்ட்.