டிரைப்பின் நிழற்படங்களும் நகர் காட்டும் நெறியும்

புதிதாய்ப் பிடித்த நாட்டில் புதிதாய் எழும் ஊரை முதன்முதற் காண்பவன் எதனைக் காண்கின்றான்? இவ்வினாவை நகர் வருணனை பயில்வோர் தம் நூல்களோடு மட்டும் வைத்துப் பார்த்தல் போதாது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நகரைக் காட்டும் வேறொரு கருவியும் இந்நாட்டில் வழங்கத் தொடங்கிற்று. அதனைக் கைக்கொண்டாருள் தலையாயவர் சென்னைப் படையைச் சார்ந்த லின்னேயசு டிரைப் (1822–1902) என்பார். அவர்தம் படங்களைப் பண்டைய நகரங்களின் ஐயமற்ற சான்றெனக் கொண்டு நூல்முகப்பில் ஒட்டிவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் நம் ஆய்வாளரிடையே மிகுந்துள்ளது. அஃது ஆராயத்தக்கது.

இரங்கூனை முதற்கண் கொள்வோம். 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப்பருமா ஆங்கிலர் கைப்பட்டது. பழைய ஊரை அகற்றி, மாண்ட்கோமரி, பிரேசர் என்னும் இருவர் வகுத்த திட்டப்படி, சூலே கோயிலை நடுவாகக் கொண்டு, கட்டம் கட்டமாகத் தெருக்கள் வகுக்கப்பட்டன. சுவேதகோன் திருக்கோயிலோ படையிருக்கும் அரணாயிற்று. அந்நகர் முளைவிட்ட 3ஆம் ஆண்டில், அஃதாவது 1855இல், மிந்தோன் மன்னனிடம் சென்ற ஆர்தர் பெயர் என்பாரின் தூதுக்குழுவில் டிரைப் நிழற்படக்காரராய் அமர்ந்தார். குழு ஐராவதியில் ஏறி அமரபுரம் சென்று மீண்டது. கொணர்ந்த படங்களுள் 120 தொகுதியாக்கப்பட்டன. இரங்கூன் காட்சிகள் அத்தொகுதியின் கடைப்பகுதியில் உள்ளன.

அப்படங்களில் நாம் காண்பன கோயில்கள், படிக்கட்டுகள், மரங்கள், நீர்நிலை. கப்பல்களுக்குக் கொடியால் குறிகாட்டிய கோயிலொன்றும் உண்டு. பௌத்தர் வழிபட்ட தூபி துறைமுகத்தின் ஏவலாளாய் நின்ற நிலையை அப்படம் உரத்துச் சொல்லவில்லை; தலைப்புப் பெயரே சொல்லிவிடுகின்றது. வெற்றி கொண்டார் நகருக்குப் பெயரிடும் திறம் இது. ஆயின் தெரு வகுத்தாரும் மண் சுமந்தாரும் கடை வைத்தாரும் எங்கே? சென்னைப் படைப்பிரிவுகள் அப்போரில் பங்கு கொண்டன. தமிழ்நாட்டுக் கரையினின்றும் கூலியாளரும் செட்டிமாரும் அந்நகருக்குச் சென்று பெருகினர். இவர்தம் முகத்தை டிரைப்பின் படங்களில் தேடுவார் பெரும்பாலும் வெறுங்கையராய் மீள்வர்.

இதற்குக் கருவியே காரணம் என்பாரும் உளர். மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படிவம் எடுக்கும் அந்நாளைய முறையில் ஒளி நெடும்பொழுது விழவேண்டும்; நடப்பவர் உருக்கொள்ளாது மறைவர். இவ்விளக்கம் பாதியே பொருந்தும். அம்முறையில் நீலவானம் வெறும் வெள்ளையாய்த் தெரிதலும் இயல்பே. ஆயினும் டிரைப் அவ்வெறுமையைப் பொறுத்தாரல்லர். எதிர்ப்படிவத்தின்மீது வண்ணம் தீட்டி, இல்லாத முகிலை வானில் ஏற்றினார். மரத்தின் இலைகளையும் திருத்தினார். முகிலை வேண்டியவர் முகிலைப் படைத்துக்கொண்டார், மக்களையோ வேண்டினாரல்லர். எனவே, இப்படங்களும் ஒருவகை வருணனையே என்பதும், வருணிப்பானது விருப்பும் மரபும் அவற்றில் உண்டு என்பதும் போதரும். (புலவர் கற்பனையைக் கண்டால் சினக்கும் வரலாற்றாசிரியர் இம்முகில்களை மட்டும் கண்டும் காணாது விடுதல் வியப்பே.)

1856இல் டிரைப் சென்னை மாகாணத்து அரசு நிழற்படக்காரர் ஆனார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததும் அவ்வாண்டே. டிரைப் 1858இல் மதுரைக் காட்சிகளை எடுத்தார். மதுரையும் அப்பொழுது ஒருவகையிற் புதுநகரே. பிளாக்பர்ன் என்னும் ஆட்சியர் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரியச் செய்து நெடுங்காலம் ஆகவில்லை. வெளிவீதிகளும், பெருமாள் மேத்திரி, மாரட் என்பார் பெயர் தாங்கிய தெருக்களும் அம்மாற்றத்தின் வடுக்கள். அவ்வாட்சியர் நினைவாக நிறுத்திய விளக்குத்தூணை டிரைப் தனியே படமெடுத்தார். இடித்தவர்க்கு எடுத்த தூண் படத்தில் நிமிர்ந்து நிற்க, அதனைச் சூழ்ந்து எழுந்த புதுக்குடியிருப்பு பொருளாகாது போயிற்று.

ஈண்டு மதுரைக்காஞ்சியை நினையாதிருத்தல் அரிது. மாங்குடி மருதனார் 782 அடிகளில் நெடுஞ்செழியனது நகரைக் காட்டுமிடத்து நாளங்காடியும் அல்லங்காடியும் பொழுது மாறமாற முன்வருகின்றன. விற்பாரும் கொள்வாரும் காவலரும் கள்வரும் அந்நகரில் உலவுகின்றனர். பொழுதே அவர்தம் நூலின் சட்டகம். டிரைப்புக்குப் பொழுது நிழலின் நீளம், அவ்வளவே. இவ்வொப்பீட்டால் டிரைப்பைத் தாழ்த்துதல் எம் கருத்தன்று. கல்லின் திண்மையை அவர் கண்டதுபோல் கண்டார் மிகச் சிலர்.

அத்திறம் முழுதும் வெளிப்பட்ட இடம் தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்தோடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாந் தொகுதியாக அச்சேறத் தொடங்கியது 1891இல். அதற்கு 33 ஆண்டுகட்கு முன்னரே தமிழெழுத்தை நகரின் உடம்பாகக் கண்ட கண் அது. அச்சுருளில் செயற்கை முகிலுக்கு இடமில்லை. எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்பதனைக் கல்லே வகுத்துவிட்டது. ஆகவே அதனையே அவர்தம் தலைசிறந்த ஆக்கம் என்போம். 1859இல் ஆளுநர் திரெவெலியன் செலவு மிகையெனக் கருதி இம்முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

டிரைப் வெளியிட்ட தமிழகத் தொகுதிகள் தெற்கே மதுரையோடு நின்றன. பொருநைக்கரைக்கு அவை வரவில்லை. பாளையங்கோட்டையும் படைவீடாய்த் தோன்றி மதிலிழந்து வளர்ந்த ஊரே ஆதலின், எம் மாணவர் இதற்கு வருந்துதல் இயல்பு. ஆயினும் வந்திருப்பின் மதிலைத்தான் காட்டியிருப்பார் என்றே எண்ணுகின்றோம். உழவரையும் ஆற்றையும் அறிய விழைவார்க்கு முக்கூடற்பள்ளு இருக்கின்றது.

தஞ்சையிலேயே இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. விமானத்து அடித்தளத்தைவிட்டு வடபுறத் திருச்சுற்று மாளிகைக்குச் சென்றால், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பற்றிய கல்வெட்டைக் காணலாம். ஒவ்வொருத்தியின் பெயரும், எவ்வூர்த் தளியினின்று வந்தாள் என்பதும், எச்சிறகில் எத்தனையாம் வீட்டில் இருந்தாள் என்பதும் அதில் உள்ளன. இராசராசன் புதுக்கிய நகரின் முதற்குடிகள் அவர். டிரைப்பின் சுருளில் அவர் இலர். எழுத்துவெட்டிய தச்சன் வீட்டெண் தப்பாது அவரைக் குறித்து வைத்தான்.