புலம்பெயர்ந்தோரும் உறவின் வாயிலும்: பட்டினப்பாலை, சிங்காரம், மட்டாஞ்சேரி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, பல மொழி பேசும் மக்கள் தம் நாடு விட்டு வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் ஒருங்கே வாழ்ந்ததைச் சுட்டுகிறது. இதனைப் பழந்தமிழரின் பரந்த மனப்பான்மைக்குச் சான்றாகக் காட்டுவது நம் ஆய்வுகளில் வழக்கம். ஆயின், வந்தவர் யார் துணையால் வந்தனர், எவரோடு பெண் கொண்டும் கொடுத்தும் உறவாயினர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. நூலின் அமைப்பே இவ்வினாக்களைத் தூண்டுகிறது. அத்தகைய பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குக் கூறுவதே இப்பாட்டு. புலம்பெயர மறுத்தவன் ஒருவனின் கூற்று வழியாகவே புலம்பெயர்ந்தோர் வாழ்ந்த ஊர் நமக்குத் தெரியவருகிறது. துறைமுகத்துப் பண்டங்களை விரித்துரைக்கும் புலவர், அவ்வயலாரின் மனைகளுக்குள் புகவில்லை.

மனைக்குள் புகுந்தவர் ப. சிங்காரம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ (1959) பினாங்கில் வட்டிக்கடை நடத்திய தமிழரைப் பற்றியது. ஊர்த்தொடர்பும் இனத்தொடர்பும் இளைஞனுக்கு அக்கரையில் வேலையும் உறையுளும் தருகின்றன. அத்தொடர்பின் தலைவரான முதலாளியே, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மீண்ட செல்லையாவுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். இதைக் காதல் தோல்விக் கதையாக மட்டும் படிப்பது போதாது. வாயிலைத் திறந்த கையே உள்ளறையைப் பூட்டுகிறது. முன்னே சென்றவர் பின்னே வருபவரைத் தாங்குகிறார் என்னும் சமூகவியல் கருத்து இவ்வகையில் பாதியுண்மையே.

கொச்சி மட்டாஞ்சேரியில் இம்மறுபாதியைத் தெளிவாகக் காணலாம். கொங்கணியர், குசராத்தியர், யூதர், தமிழர் எனப் பலர் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து வாழ்ந்த இடம் அது. 1568இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் இன்றும் ‘பரதேசி’ என்றே வழங்குகிறது. நானூறு ஆண்டுகளைக் கடந்தும் அச்சொல் உதிரவில்லை. அக்கூடத்திற்குள்ளும் அயன்மை இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர் சமமாக அமரும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தை அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தியடிகளின் வழியில் நடத்தினார். ஒரே தெரு, ஒரே மறை, ஒரே தொழுகை. எனினும் மணவுறவு நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது.

தமிழர் நிலை வேறு. மட்டாஞ்சேரியை அடுத்த வெளியில் உள்ள தோபிக்கானாவில் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் துணி வெளுத்து வருகின்றனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், படையினரின் உடை வெளுக்கத் தம் முன்னோரை அழைத்துவந்தனர் என்பது இவர்கள் கூறும் வரலாறு. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். எசமானர் மாறினர், துவைகல் மாறவில்லை. 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள கூடத்தைக் கட்டித்தந்தது. வண்ணார் சங்கமே அதனைப் பேணுகிறது. கவ்வி இல்லாமல் முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியைச் செருகி உலர்த்தும் முறை, எந்தப் பயிற்சிக்கூடமும் கற்பிக்காமல் உறவின் வழியே கைமாறி வந்ததாகும்.

கற்பித்தது உறவு என்றால் கட்டிவைத்ததும் அதுவே. சாதியால் வந்த தொழில், சாதியால் அமைந்த சங்கம், அதற்குள்ளேயே மணவுறவு. இவற்றை ‘ஒருங்கிணைவு’ என்று பெயரிட்டுப் பாராட்டுவோர், வாடிக்கையாளர் வாயிற்படியில் துணி மூட்டை நின்றதையும் கருத வேண்டும். அதே வேளை, இவ்வுறவுக் கட்டு வெறும் தளை என்று தள்ளிவிடவும் இயலாது. தனித்தனி ஆட்களாய் நின்றிருந்தால் அரசிடமிருந்து அக்கூடத்தை இவர்கள் பெற்றிருப்பார்கள் எனத் தோன்றவில்லை. அயல்மொழி ஊரில் தமிழ் இவர்தம் வீட்டுமொழியாய் நிலைத்ததற்கும் இக்கட்டே காரணம்.

துவைக்கும் எந்திரம் வந்தபின் இளையோர் வேறு தொழில் நாடுகின்றனர். துவைகல்லையும் வாடிக்கையையும் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்த உறவினரால், அலுவலகத்து வேலைக்கு அறிமுகம் கொடுக்க முடிவதில்லை.