பஞ்சாபி இசையும் எல்லைக் கோடும்

அரசியல் பிரித்த மக்களை இசை ஒன்றாகவே வைத்திருக்கும் என்பர். அதற்குச் சான்றாகப் பஞ்சாபி இசையைக் காட்டுவதும் உண்டு. இக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

1947-ஆம் ஆண்டு பஞ்சாப் இரண்டாயிற்று. மேற்குப் பகுதி பாகிஸ்தானையும் கிழக்குப் பகுதி இந்தியாவையும் சேர்ந்தன. ஆயினும், வாரிஸ் ஷா 1766-இல் இயற்றிய 'ஹீர்' என்னும் காதற் காவியத்தை இருபுறத்தாரும் இன்றும் பாடுகின்றனர். கதை நிகழும் ஜங்க் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அதனால் கிழக்கில் பாடுவோர்க்கு ஹீர் அயலவளாகி விடவில்லை. பிரிவினையின் கொடுமை கண்டு கலங்கிய கவிஞர் அம்ரிதா பிரீதம், சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம் கவிதையில் முறையிட்டதோ முஸ்லிம் புலவராகிய வாரிஸ் ஷாவிடம். லாகூரில் பிறந்த சுரிந்தர் கவுர், இந்தியாவிற் குடியேறி நாட்டுப் பாடல்களாற் புகழ்பெற்றார். 2022-இல் பாகிஸ்தானில் வெளிவந்த 'பசூரி' என்னும் பாடலை இந்திய மக்களும் விரும்பிக் கேட்டனர்.

இவை உண்மையின் ஒரு பாதியே. குரு நானக்குடன் ரபாப் என்னும் நரம்புக்கருவியை இசைத்துச் சென்ற மர்தானா ஒரு முஸ்லிம். அவர் மரபைப் போற்றிய ரபாபிகள் என்னும் முஸ்லிம் இசைவாணர், அமிர்தசரசுப் பொற்கோயிலில் சீக்கியத் திருப்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். 1947-இல் அவர்கள் பாகிஸ்தானுக்குப் பெயர நேர்ந்தது. அங்கே பாடுதற்குரிய கோயிற்பணி இல்லை. கேட்டுப் போற்றும் அவையும் அருகிற்று. மரபு நலிந்தது. பாட்டு எல்லையைக் கடந்தது. பாடுவோரைப் பேணி வளர்த்த ஏற்பாடு கடக்கவில்லை.

எழுத்தின் நிலையும் இத்தகையதே. இந்தியாவில் பஞ்சாபி மொழி குர்முகியில் எழுதப்படுகிறது. பாகிஸ்தானில் பாரசீக எழுத்தை ஒட்டிய ஷாமுகியில் எழுதப்படுகிறது. பாகிஸ்தானியப் பஞ்சாபின் பள்ளிகளிலோ உருதுவும் ஆங்கிலமுமே மேலோங்கியுள்ளன. ஆதலின், ஒரே பாட்டைக் கேட்டு உருகும் இருவர், அதனை அச்சிட்ட ஒரே நூலைப் படிக்க இயலாதவராயுள்ளனர். செவிக்கு ஒன்றாயிருப்பது கண்ணுக்கு இரண்டாகிவிட்டது.

எனவே, இசை பொதுப் பண்பாட்டைக் காத்துவிட்டது என மகிழ்ந்து அமைவது போதாது. ஒரு பாட்டின் பொருளையும் வரலாற்றையும் அடுத்த தலைமுறைக்கு ஓதிக்கொடுக்க ஆசிரியரும் நூலும் வேண்டும். அவை இல்லாவிடத்துப் பாட்டு இன்பம் தரும், உறவை உணர்த்தாது. இசை உறவை நினைவூட்டுவது. அதனை நிலைபெறச் செய்வது கல்வியே.